இரண்டாவது ஆளை வளர்ப்பது எப்படி?

"எல்லாத்தையும் காட்டிக் கொடுத்தா நாளைக்கு எனக்கு முன்னாலயே கடை போட்டுருவான், காக்கா."

திருகோணமலை மத்திய வீதியில் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர், சென்ற வாரம் அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது என்னிடம் சொன்னது இது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் இருபது வருடம் அப்படித்தான் இருந்தேன். கடையில் நின்ற பொடியனுக்குக் கயிறு அளக்கவும் ஆணி நிறுக்கவும் பழக்கினேன். கொள்விலை எழுதிய கொப்பியை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டேன்.

ஹஜ்ஜுக்குப் போன வருடம்தான் அதன் விளைவு தெரிந்தது. நாற்பது நாள் நான் கடையில் இல்லை. எந்த மீனவருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பது என் தலைக்குள் மட்டுமே இருந்தது. பொடியன் பயந்து எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டான். புறக்கோட்டைக்குத் திகதி தள்ளிக் கொடுத்திருந்த செக் ஒன்று பணமில்லாமல் திரும்பியது. மினாவில் கூடாரத்துக்குள் இருந்து டெலிபோனில் செக் கணக்குப் பேசினேன். துஆ கேட்க வேண்டிய நேரம் அது.

இந்தப் பயம் நமக்கு மட்டும் உரியதல்ல. விளையாட்டு அணிகளிலும் இதே கேள்விதான். தலைமைப் பயிற்றுவிப்பாளர் தனக்குத் தெரிந்ததை உதவியாளருக்குக் கொடுப்பதா, கையில் மூடி வைத்துக்கொள்வதா?

ஹைதராபாத் செய்யத் அப்துல் ரஹீமைப் பலர் அறிவீர்கள். பாடசாலை ஆசிரியராக இருந்தவர். 1950 முதல் இந்திய உதைபந்தாட்ட அணியைப் பயிற்றுவித்தார். 1951இல் டில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 2024இல் அவருடைய கதை 'மைதான்' என்ற ஹிந்திப் படமாகவும் வந்தது. 1963 ஜூன் மாதம் புற்றுநோயால் மௌத்தானார். அடுத்த வருடம் ஆசியக் கிண்ணத்துக்குப் போன அணிக்கு ஹரி ரைட் என்ற ஆங்கிலேயர் பயிற்றுவிப்பாளர். அந்த முறை இரண்டாம் இடம் வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஆசிய விளையாட்டுத் தங்கம் இன்றுவரை திரும்பவில்லை. கடைசிப் பதக்கம் 1970இல் பாங்கொக்கில் கிடைத்த வெண்கலம். அந்த அணியைப் பயிற்றுவித்தவர்களில் ஒருவர் பி.கே. பானர்ஜி, 1962இல் ரஹீமிடம் விளையாடியவர். வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருக்கும். ஒரு மனிதர் போனதால் மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே தூணில் நின்ற வீடு என்றுதான் எனக்குப் படுகிறது.

மறுபக்கம் அமெரிக்கக் கல்லூரிகளைப் பாருங்கள். அவர்கள் ஆடுவது நாம் ஏகாம்பரம் மைதானத்தில் பார்க்கும் ஆட்டமல்ல. முட்டை வடிவப் பந்து, கையால் எறிவதும் உண்டு. நமக்கு ஆட்டம் முக்கியமில்லை, நிர்வாகம்தான் முக்கியம். 2018 முதல் பெரிய கல்லூரி அணி ஒன்று 10 உதவிப் பயிற்றுவிப்பாளர்களை வைத்திருக்க அனுமதி வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி சொந்தம். அவர்களில் தாக்குதலுக்கு ஒரு பொறுப்பாளர், தடுப்புக்கு ஒரு பொறுப்பாளர். ஆட்டம் நடக்கும்போது அந்தப் பகுதியில் எந்தத் திட்டத்தைப் போடுவது என்று அநேகமாக அந்தப் பொறுப்பாளரே முடிவு செய்கிறார். அதற்கும் கீழே, பட்டமேற்படிப்புப் படித்துக்கொண்டே ஆட்ட வீடியோக்களை வெட்டி ஒழுங்குபடுத்தும் இளைஞர்கள். பலர் அந்த அடிப்படியில் இருந்துதான் மேலே வருகிறார்கள். சம்பளத்திலும் கஞ்சத்தனம் இல்லை. சில பொறுப்பாளர்களின் வருடச் சம்பளம் 10 இலட்சம் டொலரைத் தாண்டும்.

அலபாமா பல்கலைக்கழகத்தின் நிக் சேபன் 2007 முதல் 2023 பருவம் வரை அங்கே தலைமைப் பயிற்றுவிப்பாளர். ஆறு தேசியப் பட்டங்கள். அவரிடம் வேலை பழகியவர்கள் நாலா பக்கமும் போய்த் தலைவர்களானார்கள். நம்முடைய பாஷையில் சொன்னால் எதிர்க்கடை போட்டார்கள். சேபன் நொடித்துப் போனாரா? முன்னாள் உதவியாளர்கள் நடத்திய அணிகளை அவர் தொடர்ந்து 24 தடவை தோற்கடித்தார். முதல் தோல்வி 2021 ஒக்டோபரில்தான், ஜிம்போ ஃபிஷரிடம். பிறகு 2022 ஜனவரியில் தேசிய இறுதிப் போட்டியில், அலபாமாவில் தன்னிடம் ஒன்பது பருவம் இருந்த கேர்பி ஸ்மார்ட்டின் ஜோர்ஜியா அணியிடமும் தோற்றார். வலித்திருக்கும். ஆனால் அந்த ஒன்பது பருவத்தில் ஸ்மார்ட் அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது நான்கு தேசியப் பட்டங்களில் பங்கு. 2023 டிசம்பரில் ஜோர்ஜியாவை மறுபடி வென்றுவிட்டே சேபன் ஓய்வுக்குப் போனார்.

ஆள் போகத்தான் போவான் என்று கணக்கில் எழுதிவிட்டு, அடுத்தவனை முன்கூட்டியே தயார் செய்வதுதான் அவருடைய முறை. வேறு இடத்தில் வேலை இழந்த பெரிய பயிற்றுவிப்பாளர்களையும் சின்னப் பொறுப்பில் எடுத்து வைத்துக்கொள்வார். ஸ்டீவ் சார்கிசியன் அப்படி 2016இல் வந்தவர்.

நமக்கு இது புதிதா? ஹிஜ்ரி 8இல் முஃதாவுக்குப் படை அனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஹாரிஸா (ரழி) அவர்களைத் தளபதியாக்கி, அவர் வீழ்ந்தால் ஜஃபர் (ரழி), அவரும் வீழ்ந்தால் அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரழி) என்று முன்பே பெயர் சொல்லி அனுப்பினார்கள். மூவரும் ஷஹீதானார்கள். அதன் பிறகும் படை சிதறவில்லை. காலித் பின் வலீத் (ரழி) பொறுப்பேற்றுப் படையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நம்மில் எத்தனை கடைகளில் இரண்டாவது பெயர்கூடச் சொல்லி வைக்கப்பட்டிருக்கிறது?

ஹஜ்ஜிலிருந்து வந்ததும் நான் வலை, கயிறு பகுதியை முழுதாகக் கிண்ணியாப் பொடியன் ஒருவனிடம் பிரித்துக் கொடுத்தேன். கொள்விலைக் கொப்பியையும் சேர்த்துத்தான். விலை அவன் சொல்வது. ஐம்பதாயிரம் ரூபா வரை கடனும் அவன் முடிவு. மாதம் முடிய ஒரு தடவை உட்கார்ந்து, ஏன் கொடுத்தாய், ஏன் மறுத்தாய் என்று மட்டும் கேட்பேன். முன்பெல்லாம் நான் வேலையைத்தான் சொல்லிக் கொடுத்தேன், காரணத்தைச் சொல்லவில்லை. மூன்றாம் மாதமே ஒரு படகுக்காரருக்குக் கொடுத்த முப்பத்தெட்டாயிரம் வரவில்லை. இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் மனம் சொன்னது. வாங்கவில்லை. அந்தத் தொகையைப் படிப்புச் செலவு என்று எழுதி வைத்தேன். அன்றிலிருந்து அவன் படகு யாருடையது என்று துறையில் விசாரிக்காமல் கடன் கொடுப்பதில்லை.

அடுத்த மாதம் அவன் தனியே புறக்கோட்டைக்குச் சாமான் எடுக்கப் போகிறான், இன்ஷா அல்லாஹ். எதிர்க்கடை போடுவானா என்று அந்தச் சகோதரர் கேட்டார். போடலாம். அவனுடைய தம்பி இப்போது ஆணிப் பகுதியில் நிற்கிறான் என்று பதில் சொன்னேன்.