குரலுக்குக் கூலி

சின்னமனூரிலிருந்து மலைப்பாதையில் ஏறிச் சென்றால் மேகமலையை அடையலாம். அங்குத் தேயிலைத் தோட்டத்தில் உழைக்கும் அன்னை ஒருத்தி, கடல் கடந்த நாட்டிலுள்ள தன் மகனோடு இணையத்தின் வழியே பேசுகின்றாள் என்று கொள்வோம். அவள் குரல் அத்துணைத் தொலைவு செல்வது எங்ஙனம்? அதற்குக் கூலி உண்டோ? இவற்றை ஈண்டுக் காண்போம்.

குரல் என்பது காற்றில் எழும் அலை. கருவி அவ்வலையை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 இருமக் குறிகளால் எழுதுகின்றது. ஆகவே, நொடிதோறும் 64,000 குறிகளை அனுப்புதல் வேண்டும். 1972-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற ஜி.711 என்னும் முறை இதுவே. பெருவண்டி அகன்ற சாலையில் எளிதிற் செல்லும். ஒற்றையடிப் பாதையிற் செல்லுமோ? இணைப்பு நலிந்த இடங்களுக்குச் சுமையைக் குறைத்தல் இன்றியமையாததாயிற்று.

இதற்கு வழிகண்டவருள் ஒருவர் நம் நாட்டிற் பிறந்த பிஷ்ணு அடல். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திற் பயின்ற இவர், அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றினார். 1985-இல் மன்ஃபிரெட் ஷ்ரோடர் என்பாருடன் சேர்ந்து புதுமுறை ஒன்றை வெளியிட்டார். அலை முழுவதையும் அனுப்பாது, தொண்டையும் வாயும் ஒலியை உருவாக்கும் பாங்கினையும், முன்னரே தொகுத்த குறியேட்டில் அவ்வொலிக்கு ஏற்ற எண்ணையும் மட்டும் அனுப்புவதே அம்முறை. மறுமுனைக் கருவி அவற்றைக் கொண்டு குரலை மீண்டும் படைக்கும். இதன் வழிவந்த ஜி.729 என்னும் முறை 1996-இல் உலகப் பொதுத்தரமாயிற்று. அதற்கு நொடிக்கு 8,000 குறிகளே போதும். சுமை எட்டில் ஒன்றாயிற்று!

ஆயினும், இம்முறை காப்புரிமைகளுக்கு உட்பட்டிருந்தது. ஆஸ்டெரிஸ்க் என்னும் தொலைபேசி மென்பொருள் விலையின்றிக் கிடைத்தது. ஆனால், அதனுள் ஜி.729-ஐச் சேர்க்க ஒவ்வோர் உரையாடல் தடத்திற்கும் 10 டாலர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. நூறு உரையாடல்கள் ஒரே வேளையில் நிகழ 1,000 டாலர் வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு இது பெருஞ்சுமையன்றோ?

கட்டணம் தவறு என்று ஒரேயடியாகக் கூறிவிடல் இயலாது. பல்லாண்டு உழைத்தவர்க்கு ஊதியம் வேண்டும். அதனாலேயே சட்டம் காப்புரிமை அளிக்கின்றது. அதற்கொரு கால எல்லையும் வகுக்கின்றது. பெரும்பாலான உரிமைகளின் காலம் முடிந்தமையால், 2017 சனவரி முதல் நாள்தொட்டு ஜி.729 கட்டணமின்றி வழங்கலாயிற்று.

அதற்கு முன்னரே மற்றொரு வழியும் பிறந்தது. பல நாட்டு அறிஞர் கூடி ஆக்கிய ஓபஸ் என்னும் முறை 2012-இல் வெளிவந்தது. அதன்கண் உரிமை உடையோர் கட்டணம் வேண்டாது அதனை உலகிற்கு வழங்கினர். உலாவிகளின் வழியே பேசுதற்கு இன்று அதுவே அடிப்படையாகும்.

ஊர்க்கிணற்றை வெட்டியவர் உழைப்பை மதித்தல் நம் கடன். அந்நீர் எல்லோர்க்கும் எட்டுமாறு செய்தலும் நம் கடனே. இவ்விரண்டும் இணையும்போதுதான், முகில் சூழ்ந்த மலையில் ஒலிக்கும் தாயின் குரல் தடையின்றி மகனின் செவியை எட்டும்.