நேத்து தேன்... இன்னைக்கு வேம்பு! ஒரே விஸ்கி ஆளை ஏமாற்றுவது ஏன்?

திருவக்கரை,

வக்கிரகாளியம்மன் கோவிலும் கல்மரப் பூங்காவும் உள்ள ஊர் திருவக்கரை. இங்கே கல்லாகிப் போன மரங்களுக்கு வயசு சுமார் 2 கோடி ஆண்டாம். ஆனால் இந்தப் பக்கத்து குடிமகன்களின் நாக்கு மாற ஒரே ராத்திரி போதும்!

"நேத்து அடிச்சேன், தேனாட்டம் இருந்துச்சு. இன்னைக்கு அதே பிராண்ட், அதே கடை. வேப்பெண்ணெய் மாதிரி கசக்குது. என்னத்தையோ கலந்துட்டானுங்க அண்ணே!"

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் எந்த 'பார்' ஓரம் நின்றாலும் இந்தப் புலம்பல் காதில் விழும். சில நாள் இது கைகலப்பில் முடிந்து போலீஸ் நிலையம் வரைக்கும் வந்துவிடும்.

போலி மது இல்லவே இல்லை என்று சொல்வதற்கில்லை. புதுச்சேரி எல்லை கூப்பிடு தூரம். அங்கே விலை குறைவு. கடத்தல் வழக்குக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் பல நாள் மாறியது சரக்கு அல்ல, குடித்த ஆசாமிதான்!

மூக்குதான் கில்லாடி

ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வாசனை. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு போன்ற சில சங்கதிகள்தான். மற்றதெல்லாம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம்.

ஜலதோஷம் பிடித்தவனுக்கு மணம் போய் எரிச்சல் மட்டும் மிஞ்சும். கல் குவாரியில் பகலெல்லாம் தூசு குடித்த தொழிலாளிக்கும் அதே கதிதான். குளித்து முடித்து பல் தேய்த்த கையோடு ஊற்றினால் அதுவும் வம்பு. பற்பசையில் உள்ள நுரைப்பொருள் இனிப்பை அமுக்கி கசப்பைத் தூக்கிக் காட்டும்.

மிளகாய் பஜ்ஜி செய்யும் வேலை

சைடு டிஷ் இன்னொரு வில்லன். மிளகாய்க் காரத்தை 'சூடு' என்று மூளைக்குச் சொல்லும் அதே நரம்பைத்தான் சாராயச் சத்தும் உசுப்புகிறது. மிளகாய் பஜ்ஜியைக் கடித்து விட்டு விஸ்கியை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து தொண்டையில் தீ வைக்கும். பழி என்னவோ பாட்டில் மேல்! நேற்று வேர்க்கடலை கொறித்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஐஸ் போட்டால் மணமும் இனிப்பும் அடங்கிப்போகும். தண்ணீர் விஷயமும் அப்படித்தான். கேன் தண்ணீர் ஒரு ருசி, உப்பு ஏறிய போர் தண்ணீர் வேறு ருசி. வெறும் வயிற்றில் போட்டால் 'கிர்'ரென்று ஏறும். உடனே "இன்னைக்கு சரக்கு வேகம்பா" என்பார்கள். பாதி குடித்து மூடி வைத்த பாட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் மணமும் மங்கிவிடும்.

ஸ்காட்லாந்தில் விஸ்கி கலக்கும் நிபுணர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. அவர்கள் சரக்கில் தண்ணீர் விட்டு சுமார் 20 சதவீதமாக இறக்கி, பெரும்பாலும் முகர்ந்து பார்த்தே முடிவு சொல்கிறார்கள். அங்கே தானியத்தில் காய்ச்சி ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு ஊறினால்தான் அதன் பெயர் ஸ்காட்ச். நம் ஊர் மலிவு விஸ்கியில் பெரும்பாலும் கரும்புக் கழிவுப்பாகில் இறக்கிய எரிசாராயம், நிறம், மணம்தான். லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். இதில் நேற்றைய ருசியைத் தேடுவது கொஞ்சம் அதிகப்படி ஆசைதான்!

கசக்காத விஷம்

இனி சொல்லப்போவது வேடிக்கை அல்ல.

கசந்தால் போலி, இனித்தால் அசல் என்று நாக்கை நம்பும் ஆட்கள் இங்கே ஏராளம். அந்த நம்பிக்கை உயிருக்கே உலை வைக்கும்.

இதே விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் நடந்த பயங்கரம் யாருக்கும் மறந்திருக்காது. மெத்தனால் என்னும் ஆலை விஷச்சாராயம் குடித்து மீனவக் குடும்பங்களில் சாவு விழுந்தது. பக்கத்து செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்தால் செத்தவர்கள் 20 பேருக்கும் மேல். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் 60 பேருக்கு மேல் பலியானார்கள்.

மெத்தனாலின் மணமும் ருசியும் ஏறக்குறைய சாதாரண சாராயம் மாதிரியே இருக்கும். பழகிய குடிகாரனாலும் பிரித்துச் சொல்ல முடியாது. குடித்ததும் சாதாரண போதைதான். உடம்புக்குள் அது பார்மிக் அமிலமாக மாற பல மணி நேரம் பிடிக்கும். சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அப்புறம்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சு இரைப்பு, கண் மங்கல்.

"பித்தம்டா, மோர் குடிச்சா சரியாயிடும்" என்று வீட்டில் படுக்க வைப்பதில்தான் பாதி உயிர் போகிறது. உயிர் தப்பியவர்களிலும் பார்வை இழந்தவர்கள் உண்டு.

சீக்கிரம் போனால் ஆஸ்பத்திரியில் மாற்று மருந்தும் ரத்த சுத்திகரிப்பும் உண்டு. குடித்த மறுநாள் கண் முன்னே புகை மூட்டம் போலத் தெரிந்தால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். கூடக் குடித்த கூட்டாளிகளையும், அவர்கள் நல்லா இருந்தாலும் சரி, அதே வண்டியில் ஏற்றி விடவேண்டும்.