பாலாறும் உப்பும்

யட்டியாந்தோட்டையில் களனி கங்கையின் கரையில் வாழ்வார்க்கு ஆறு என்றால் வற்றாதது என்பதே பொருள். மழை பொய்யாத மலைநாட்டிற் பிறந்து வரும் அந்நீரே, கீழே அம்பத்தளையில் தூய்மை செய்யப்பட்டுக் கொழும்பு மாநகரத்தார்க்கு உண்ணுநீராகின்றது. இவ்வாற்றோடு பழகிய யான், சில ஆண்டுகளுக்கு முன் தமிழகத்து வாணியம்பாடியில், ஆசிரியப்பணியினின்று இளைப்பாறிய நண்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். நம் மலைத் தேயிலையையே கையுறையாகக் கொண்டுபோனேன். அன்று விலைக்கு வாங்கும் குடிநீர் வரத் தாழ்த்தமையின், அம்மையார் வீட்டுக் கிணற்றுநீரிலே தேநீர் இட்டார். பால் திரிந்துபோயிற்று.

“பாலாற்றங்கரையிற் பால் திரிகின்றது, பார்த்தீரா பண்டிதரே!” என்று நண்பர் நகைத்தார். அந்நகையில் மகிழ்ச்சி இல்லை.

கருநாடகத்து நந்திமலைப் பகுதியிற் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை வழியே வங்கக்கடலை அடைவது பாலாறு. இவ்வூர்களெல்லாம் தோல் பதனிடுதலாற் பெயர்பெற்றவை. தோற்கழிவு என்றவுடன் நாற்றமும் நிறமுமே நம் நினைவுக்கு வருவன. கண்ணும் மூக்கும் அறியாத கேடு ஒன்று உண்டு, அஃது உப்பு.

பச்சைத்தோல் அழுகாதிருத்தற்பொருட்டு, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உப்பிட்டு வைப்பர். பதனிடுமுன் அவ்வுப்பைக் கழுவி வெளியேற்றுவர். பின்னர்ச் சுண்ணாம்பு, கந்தகச் சேர்மங்கள், அமிலம், குரோமியம் என ஒன்றன்பின் ஒன்றாக வரும். முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே கொண்டு வாரக்கணக்கிற் செய்த தொழிலைக் குரோமியம் ஓரிரு நாளில் முடித்துவிடுகின்றது. ஆயினும் பழைய முறை முற்றும் தூயது என்று மயங்குதல் வேண்டா. அக்காலத்தும் தோல் உப்போடுதான் வந்தது. குரோமியத்தைச் சுண்ணாம்பிட்டு வண்டலாகப் படியச் செய்யலாம். உப்போ படியாது, நுண்ணுயிர்களும் அதனை உண்ணா. நுண்ணிய சவ்வுகளினூடே நீரை அழுத்திப் பிரித்து, எஞ்சியதைக் காய்ச்சி வற்றச் செய்தல் வேண்டும். அதற்காகும் செலவு பெரிது.

உமணர் நெய்தல்நிலத்து உப்பை வண்டியேற்றி உள்நாடு சென்ற செய்தியை மாணாக்கர்க்கு எத்தனையோ முறை நடத்தியுள்ளேன். அவ்வுப்பு உணவுக்காயிற்று. தோலோடு வந்த உப்போ மருதநிலத்தை உவர்நிலமாக்கிற்று.

களனியில் இவ்வுப்பு வீழ்ந்திருப்பின் வெள்ளம் கடலுக்கு அடித்துச் சென்றிருக்கும். (நம் பகுதி றப்பர்த் தொழிற்சாலைகளின் அமிலநீர் ஓடைகளிற் கலந்ததையும் பெருமழை அவ்வாறே மறைத்திருக்கின்றது.) பாலாறோ ஆண்டிற் பெரும்பகுதி வெறும் மணல். மணலின்கீழ் ஊறும் நீரே அதன் உயிர். அவ்வூற்றிற் புகுந்த உப்பு கிணறுதோறும் பரந்தது.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஓகஸ்ட் 28 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு ஏறக்குறைய 35 லீற்றர் நீர் செலவாகின்றது என்றும், 35,000 ஹெக்டேயர் அளவான விளைநிலம் முற்றாகவோ ஓரளவோ பயிரிடத் தகாததாயிற்று என்றும் அத்தீர்ப்பிற் காணப்படுகின்றது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதியே என்று இத்தீர்ப்பு உறுதிப்படுத்திற்று. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது. தீர்ப்பு நன்று, நிறைவேற்றமோ நத்தை நடை. 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம், எஞ்சிய இழப்பீட்டை ஆறு வாரங்களுள் வழங்குமாறு பணிக்க நேர்ந்தது. இடையில் 28 ஆண்டுகள் கழிந்தன. அன்று வழக்காடிய உழவருட் பலர் இன்று இருப்பரோ?

இத்தொழிலை இழித்துரைப்பது என் கருத்தன்று. அதனால் உண்பார் பல்லாயிரவர். முதலில் மடிவாரும் அவர்களே. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் சேற்றில் மூழ்கி இறந்தனர்.

நண்பர் வீட்டுக் கிணற்றின் இராட்டினமும் கயிறும் நான் கண்டபோது பழுதின்றி இருந்தன. அந்நீரிற் பாத்திரம் மட்டும் கழுவுவர். விடைபெறுங்கால் அம்மையார், “அடுத்த முறை தேயிலை வேண்டா, அண்ணா, உங்கள் ஆற்றுநீரில் ஒரு குடம் கொண்டுவாருங்கள்” என்றார்.