மென்று விழுங்குங்கள்: ஆஸ்பிரின் எப்படி இயங்குகிறது?

ஆரணியில் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்பவருக்குத் திடீரென்று நெஞ்சை அடைத்தால், வீட்டில் முதலில் எழும் பேச்சு, "வாயுவா இருக்கும், ஒரு சோடா குடிங்க" என்பதுதான். ஏப்பம் வருமா என்று காத்திருக்கும் அந்த நேரம் உயிரைக் குடிக்கிற நேரம். பெரிய இதய சிகிச்சைக்கு வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ போயாக வேண்டும். வேலூரே சுமார் 40 கிலோமீட்டர்.

அதற்குள் உடம்பில் என்ன நடக்கிறது? கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டை பிடித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பொரியை எவ்வளவு கொட்டினாலும் தனித்தனியாகத்தான் கிடக்கும். வெல்லப்பாகு விழுந்தால்தான் உருண்டை சேரும். ரத்தத்தில் ஓடும் தட்டணுக்கள்தான் பொரி. இதயத் தமனியின் உட்சுவரில் படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடித்ததும், தட்டணுக்கள் அங்கே போய் ஒட்டிக்கொண்டு 'த்ராம்பாக்ஸேன்' என்ற பாகைத் தாங்களே விடுகின்றன. அது பக்கத்தில் போகிற பொரியை இழுக்கிறது. வந்து ஒட்டியதும் அதுவும் பாகு விடுகிறது. உருண்டை பெருத்துக் குழாய் அடைபடுகிறது.

பாகு காய்ச்ச ஒவ்வொரு தட்டணுவுக்குள்ளும் ஓர் அடுப்பு உண்டு. அதுதான் காக்ஸ்-1 நொதி. ஆஸ்பிரின் அந்த அடுப்பை நிரந்தரமாக அணைத்துவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. புது அடுப்பு கட்டிக்கொள்ள வழியில்லை. ஏறக்குறைய பத்து நாள் ஆயுள் முடியும்வரை அதனால் பாகு காய்ச்ச முடியாது.

எவ்வளவு சீக்கிரம் அணைக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1999-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆரோக்கியமானவர்களுக்கு 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்து அளந்தார்கள். மென்றபோது 5 நிமிடத்தில் த்ராம்பாக்ஸேன் பாதியாகக் குறைந்தது. முழுசாக விழுங்கியபோது 12 நிமிடம் ஆனது. 90 சதவீதம் அடங்க, மென்றபோது 14 நிமிடம், விழுங்கியபோது 26 நிமிடம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல வீடுகளில் இருக்கும் ஆஸ்பிரின் அட்டையில் 'கேஸ்ட்ரோ ரெசிஸ்டண்ட்' என்று அச்சிட்டிருக்கும். வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கப் பூசிய மேல்பூச்சு அது. ஆனால் நெஞ்சுவலி நேரத்தில் அந்த மாத்திரையை அப்படியே விழுங்கினால், குடலுக்குப் போய்க் கரைவதற்குள் மணிக்கணக்காகிவிடும். பல்லால் கடித்து நொறுக்கினால் பூச்சு உடைந்துவிடும்.

இந்த மலிவான மாத்திரையின் அருமையை 1988-ல் வெளியான 'ஐசிஸ்-2' ஆய்வு நிரூபித்தது. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரில், ஆஸ்பிரின் பெற்றவர்களிடையே ஐந்து வாரத்தில் இதய, ரத்தநாள மரணங்கள் 23 சதவீதம் குறைந்தன.

ஆனால் ஏற்கெனவே பிடித்த உருண்டையை ஆஸ்பிரின் கரைக்காது. மேலும் பெருக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கரைக்க ஊசி மருந்து வேண்டும், அல்லது ஆஞ்சியோபிளாஸ்டி செய்து அடைப்பைத் திறக்க வேண்டும். அதனால்தான் மாத்திரை போட்டதும் வலி குறைந்ததாகத் தோன்றினாலும் வீட்டில் படுத்துவிடக் கூடாது.

தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம் திட்டம்' வலி தொடங்கியதிலிருந்து பெரிய மருத்துவமனையை அடையும்வரை உள்ள இடைவெளியைத்தான் குறிவைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகளைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பக்கத்திலேயே கிடைக்கும் இந்த உதவியை ஊரார் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நெஞ்சு அடைத்து, வியர்த்து, கை, தாடை என்று வலி பரவினால் முதலில் 108-ஐ அழையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றில் ரத்தக்கசிவு, பக்கவாத அறிகுறி இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள். மருத்துவரோ செவிலியரோ ஆஸ்பிரின் போடச் சொன்னால், மென்று விழுங்குங்கள்.