காசு உங்களுடையது, காகிதம் எங்கே?

கிரிப்டோ தகராறு என்று பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வக்கீல் ஆபீஸ் படியேறுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டைத்தான் நீட்டுகிறார்கள். அதில் தொகை இருக்கும், பச்சை டிக் இருக்கும். முகவரி மட்டும் முழுதாக இருக்காது. முதலில் நாலு எழுத்து, நடுவில் மூன்று புள்ளி, கடைசியில் நாலு எழுத்து. "எல்லாம் பிளாக்செயின்ல இருக்கு சார், யாராலயும் அழிக்க முடியாது" என்பார்கள்.

அழிக்க முடியாதுதான். ஆனால் அதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது? இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிக்கு, இத்தனை மணிக்கு, இவ்வளவு போனது என்பதோடு பிளாக்செயின் நிறுத்திக்கொள்ளும். அந்த முகவரிக்காரர் நீங்கள்தான் என்று காட்டும் வேலை உங்களுடையது.

இதைவிடச் சிக்கல், அடுத்தவர் பெயரில் வாங்குவது. மச்சானுக்குத்தான் ஆப் தெரியும் என்று அவர் கணக்கில் இருபதாயிரம் வெள்ளியைப் போட்டுவிட்டு, விலை ஏறிய பிறகு, "அது என் காசு" என்று நிற்கிறார்கள். தளத்தில் பதிவாகியிருப்பது மச்சானின் அடையாளக் கார்டு. பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தால் உங்களிடம் மிச்சமிருப்பது வாய்ப்பேச்சு மட்டுமே. ஒரே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

கிரிப்டோவுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு: 2019 ஜனவரி 15 முதல், வரையறுக்கப்பட்ட மின்னிலக்க நாணயங்கள் மலேசியாவில் செக்யூரிட்டீஸ் கமிஷனின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 2017இல் லூனோ என்ற கிரிப்டோ தளம் தவறுதலாக 11.3 பிட்காயினை ஒரு வாடிக்கையாளர் கணக்கில் சேர்த்தது. அது வழக்கானபோது, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்படி தவறுதலாக வந்த பொருளைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்று ஷா ஆலமில் தீர்ப்பானது. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

2023இல் சிங்கப்பூரில் நீதிபதி பிலிப் ஜெயரத்தினமும், 2025 அக்டோபரில் சென்னையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷும் கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று தீர்ப்பளித்தார்கள். சென்னை வழக்கை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். வசீர்எக்ஸ் தளத்தில் எக்ஸ்ஆர்பி நாணயம் வைத்திருந்த ஒரு பெண், சென்னையிலுள்ள தன் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டியிருந்தார். இந்த வழக்கைச் சென்னையில் விசாரிக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது அவருக்குக் கைகொடுத்தது அந்த வங்கிப் பதிவுதான்.

சேர்க்க வேண்டிய காகிதங்கள்

முதலாவது, வங்கி அறிக்கை. பணம் உங்கள் கணக்கிலிருந்து போன மாதத்தின் அறிக்கையை வங்கியிலேயே கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, தளத்தின் கணக்கு அறிக்கை. படம் பிடிக்காதீர்கள், முழு வரலாற்றையும் கோப்பாகப் பதிவிறக்குங்கள். உங்கள் பெயர், பதிவு செய்த மின்னஞ்சல், அடையாளச் சரிபார்ப்பு முடிந்ததாக வந்த கடிதம் எல்லாம் அதோடு இருக்கட்டும். பல தளங்கள் நேரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் காட்டும். மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. வங்கியில் காலை 7 மணி என்றும் தளத்தில் முந்தைய நாள் இரவு 11 மணி என்றும் இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஓர் அட்டவணை போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பரிவர்த்தனை எண். பிட்காயினிலும் எத்தீரியத்திலும் அதன் அடையாளப் பகுதி 64 எழுத்து நீளம். எத்தீரியம் முகவரி என்றால் 42, டிரான் என்றால் டி-யில் தொடங்கி 34. ஓர் எழுத்து விடாமல் நகலெடுங்கள். எந்த நெட்வொர்க் என்பதையும் எழுதுங்கள். யுஎஸ்டிடி போன்ற நாணயம் பல நெட்வொர்க்குகளில் ஓடுகிறது.

நான்காவது, முகவரி உங்கள் கையில் இருப்பதற்கான சான்று. பல வாலட்டுகளில் 'சைன் மெசேஜ்' வசதி உண்டு. தேதியும் வழக்கு விவரமும் எழுதிய ஒரு வரிக்கு அந்த முகவரியின் சாவியால் கையொப்பமிடலாம். சாவி உங்களிடம் இருக்கிறது என்பதை மட்டுமே இது காட்டும். சொத்து உங்களுடையது என்று காட்ட முதல் இரண்டு காகிதங்களும் வேண்டும்.

ஐந்தாவது, பலரும் கோட்டைவிடுவது: 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவுச் சான்றிதழ். கணினி தந்த ஆவணத்தை நீதிமன்றம் ஏற்க, அந்தக் கணினியை நிர்வகிக்கும் பொறுப்பாளர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் பொறுப்பாளரே வந்து சாட்சி சொல்ல வேண்டும். வங்கியிடமும் தளத்திடமும் வக்கீல் மூலம் இதை எழுத்தில் கேளுங்கள். வாடிக்கையாளர் சேவை சாட்டில் கேட்டால் இயந்திரம்தான் பதில் சொல்லும்.

இங்கேதான் பதிவு பெற்ற தளத்தின் அருமை தெரியும். உள்ளூர் நிறுவனத்துக்கு சப்பீனா அனுப்பலாம். பைனான்ஸை 2021இலும், பைபிட்டை 2024 டிசம்பரிலும் மலேசியச் சேவையை நிறுத்தச் சொல்லி செக்யூரிட்டீஸ் கமிஷன் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட வெளிநாட்டுத் தளத்திடமிருந்து சான்றிதழ் பெறுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. பணம் போடுவதற்கு முன் கமிஷனின் இணையத்தளத்தில் பதிவுப் பட்டியலைப் பாருங்கள்.

எங்கே போவது?

மோசடி என்றால், வங்கியிலிருந்து பணம் போன உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பிறகு காவல் நிலையத்தில் ரிப்போர்ட். "நான் ஏமாந்துவிட்டேன்" என்ற ஒரு வரி ரிப்போர்ட்டால் பயனில்லை. முழுப் பரிவர்த்தனை எண், முகவரிகள், நேரம், எதிராளியின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டு எடுத்துப் போய், அப்படியே பதியச் சொல்லுங்கள். "கிரிப்டோவா, அதெல்லாம் இங்கே பார்ப்பதில்லை" என்று கைகழுவும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான். ரிப்போர்ட் நகல் கையில் வராமல் நகராதீர்கள். அனுமதியில்லாத தளம் என்றால் செக்யூரிட்டீஸ் கமிஷனிலும் புகார் கொடுங்கள்.

தெரிந்தவரோடு தகராறு என்றால் சிவில் வழக்கு. ஒரு லட்சம் வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் பத்து லட்சம் வரை செஷன்ஸ். எதிராளி யார் என்றே தெரியாவிட்டாலும் வழி அடைத்துவிடவில்லை. மின்னஞ்சல் மோசடியில் பணம் பறிபோன ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் வழக்கில், 'அடையாளம் தெரியாத நபர்கள்' மேல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தடையாணை தந்திருக்கிறது. 2021இல் சட்ட இதழில் வெளியான தீர்ப்பு அது.

ஒப்பந்த வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்காக ஆறப் போடாதீர்கள். அதற்குள் தளம் மூடிவிடலாம், கைபேசி உடைந்துபோகலாம்.

செய்யக்கூடாதவை

கோபத்தில் கணக்கை மூடாதீர்கள். கைபேசியை ரீசெட் செய்யாதீர்கள். வாட்ஸ்அப், டெலிகிராம் உரையாடலை அழிக்காதீர்கள், அது அசிங்கமாக இருந்தாலும் சரி. வாலட்டின் 12 அல்லது 24 இரகசியச் சொற்களை யாரிடமும் காட்டாதீர்கள். உரிமையை நிரூபிக்க அவை தேவையே இல்லை. போலீஸ் கேட்டது, வக்கீல் கேட்டார், "போன காசை மீட்டுத் தருகிறோம்" என்ற நிறுவனம் கேட்டது என்று யார் பெயர் சொல்லி வந்தாலும் பதில் ஒன்றுதான்: கிடையாது. ஏமாந்தவர்களைத் தேடி இரண்டாவது கும்பல் வருவது இந்த வழியாகத்தான்.

தகராறு எதுவும் இல்லாதவர்களும் இன்றைக்கே தளத்தின் கணக்கு அறிக்கையைப் பதிவிறக்கி, வங்கி அறிக்கையோடு சேர்த்து ஒரு கோப்பில் வையுங்கள். மச்சான் பெயரில் இருக்கிறதா? உறவு நன்றாக இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். கெட்ட பிறகு எழுதித் தர மாட்டார்.