பழக்காரப் பாட்டிக்கும் ‘வாங்க’தான்

திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு வாரம் ஒரு தடவை சிறுமலை வாழைப்பழம் கொண்டுவரும் கிழவி ஒருத்தி உண்டு. கூடையை இறக்கிவிட ஆள் பார்த்து வாசலில் நிற்பாள். ஒரு நாள் அவள் குரல் கேட்டதும் என் பேரன் ஓடினான். ஐந்து வயது; இங்கிலீஷ் பள்ளிக்கூடம்.

“ஏய், பழம் என்ன விலை? இங்கே வா!” என்று அதட்டினான்.

அந்தச் சமயம் பார்த்து அவன் அப்பாவின் சிநேகிதர் ஸ்கூட்டரில் வந்திறங்கி, ஒரு சாக்லேட்டை நீட்டினார். “தாங்க் யூ, அங்கிள்!” தேன் சொட்டியது.

எனக்குச் சுருக்கென்றது. உள்ளே இழுத்துப் போய், “வயசானவங்களை அப்படியா கூப்பிடுவாங்க?” என்றேன்.

“நீங்க அப்படித்தானே பாட்டி கூப்பிடுறீங்க?”

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு நழுவினேன். (பார்த்தீர்களா, இதை எழுதும்போதும் ‘கிழவி’, ‘நிற்பாள்’ என்றே பேனா ஓடியிருக்கிறது!)

‘ப்ளீஸ்’, ‘தாங்க் யூ’, ‘ஸாரி’ மூன்றும் வந்துவிட்டால் குழந்தைக்குப் பேசத் தெரிந்துவிட்டது என்று பூரித்துப் போகிறோம். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தமிழில் மரியாதை ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்னும் அந்த ‘ங்க’வில் அல்லவா இருக்கிறது! அதை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு விடுவது என்பதைக் குழந்தை பாடப் புத்தகத்தில் படிப்பதில்லை. வாசலில் நின்று நம்மைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. டாக்டருக்கு உண்டு, வீட்டு மாப்பிள்ளைக்கு உண்டு. பாத்திரம் தேய்க்க வருபவருக்கும், துணி தேய்ப்பவருக்கும் கிடையாது. அவர்களுக்கு எழுபது வயதானாலும் கிடையாது.

பழைய பாட்டுகளில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. சங்க காலப் புலவர்கள் அரசனையே ‘நீ’ என்றுதான் பாடினார்கள். பலரைக் குறித்த ‘நீர்’ ஒருவருக்கு மரியாதையாகப் பரவியதும், ‘நீங்கள்’ வந்து அந்த இடத்தைப் பிடித்ததும் பிற்பாடுதான். சேர சோழ பாண்டியருக்குப் போதுமாயிருந்த ‘நீ’ நம் மாப்பிள்ளைக்குப் போதவில்லை!

இங்கிருந்து மதுரை போகும் வழியில் காந்திகிராமம் இருக்கிறது. 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும் நிறுவியது. காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியை நம்பியவர்கள் அவர்கள். பிள்ளைகள் தாங்களே பெருக்க வேண்டும், நூற்க வேண்டும், தோட்டம் கொத்த வேண்டும் என்பது அந்தக் கல்வி. தானே துடைப்பம் பிடித்த பிள்ளைக்கு, பெருக்க வருபவரை ‘ஏய்’ என்று கூப்பிட நா எழாது என்பது என் எண்ணம்.

எங்கள் காலத்தில் பாட்டிமாரே பள்ளிக்கூடம். ‘போறேன்’ என்றால், ‘போயிட்டு வர்றேன்னு சொல்லு’ என்று திருத்துவார்கள். விளக்கை ‘அணை’ என்றால் கோபம் வரும். ‘குளிரவை’ என்று சொல்ல வேண்டும். வெளியே கிளம்புகிறவரிடம் ‘எங்கே?’ என்று கேட்கக் கூடாது, ‘தூரமா?’ என்று கேட்கலாம். மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். வாயைத் திறக்குமுன் ஒரு கணம் யோசிக்கும் பழக்கம் அதில் வந்துவிட்டது.

மறு வாரம் பழக்காரப் பாட்டி வந்தார். நான் முந்திக்கொண்டு, “வாங்கம்மா, உட்காருங்க” என்றேன். அவர் திகைத்துப் போனார்.

“ஏம் தாயி, எம் மேல எதுனாச்சும் கோவமா?”

பத்து வருஷமாக ‘வா’ என்றவள் திடீரென்று ‘வாங்க’ என்றால் பாவம், என்ன நினைப்பார்? புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடும்போது மரியாதை திடீரென்று கூடிவிடுவது உங்களுக்குத் தெரியாததா! ‘ங்க’ மட்டும் போதாது, கூடவே உறவும் வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. நம் பக்கத்தில் உறவுக்கா பஞ்சம்? அப்பத்தா, அம்மாச்சி, பெரியம்மா, சின்னையா!

‘அப்பத்தா’ என்று கூப்பிடும்படி பேரனிடம் சொன்னேன். முதலில் சங்கோஜப்பட்டு என் முந்தானைக்குள் ஒளிந்தான். அதற்கடுத்த வாரம், “அப்பத்தா, கூடையைப் பிடிக்கட்டுங்களா?” என்று கேட்டுவிட்டான். “என் ராசாவுக்கு அம்புட்டுத் தெம்பு ஏது?” என்று அவருக்கு ஒரே சிரிப்பு. ஆனால் பழத்தின் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை!

எனக்குத்தான் இன்னும் நாக்கு வசப்படவில்லை. நேற்றுக்கூட ‘ஏ’ என்று ஆரம்பித்துவிட்டேன். பேரன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அப்படியே விழுங்கிக்கொண்டேன்.