மூன்று மாதக் கணக்கு

வைத்தியரைக் காணச் செல்வதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சோற்றைக் குறைத்து, இனிப்பை விலக்கி, உபவாசம் போல் இருந்துவிடுவது நீரிழிவுள்ள இல்லங்களில் சகஜம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 110 என்று வந்துவிட்டால் வீடெல்லாம் மகிழ்ச்சி. அதே தாளில் சற்றுக் கீழே 'எச்பிஏ1சி 8.4' என்று அச்சாகியிருக்கும். ஊரிலுள்ள தகப்பனார் தொலைபேசியில் இதைப் படித்துக் காட்டும்போது, நூறு, இருநூறு என்ற எண்களுக்கிடையே எட்டு என்பது மிகச் சிறியதாகவே ஒலிக்கும். கவலைக்குரியது அதுவே.

இரத்தத்திலுள்ள சர்க்கரை, சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினோடு மெல்ல ஒட்டிக்கொள்கிறது. அந்த அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆகவே ஹீமோகுளோபினில் நூற்றுக்கு எத்தனை பங்கில் சர்க்கரை ஏறியுள்ளது என்று அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி புலப்படும். வண்டி ஒரு நிலையத்துக்கு நேரத்தில் வந்தது என்பது வேறு. சென்னையிலிருந்து டில்லி வரை எவ்வாறு ஓடிற்று என்பது வேறு. இரண்டு நாள் பட்டினி இந்தக் கணக்கைத் திருத்தாது. இப்பரிசோதனைக்கு வெறும் வயிறும் வேண்டியதில்லை.

5.7-க்குக் கீழ் இயல்பு; 6.4 வரை எச்சரிக்கை, 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு. 7 என்றால் சராசரிச் சர்க்கரை 154 மில்லிகிராம். 8 என்றால் 183. 9 என்றால் 212. 1998-இல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சியொன்றில், இவ்வெண் 7.9 ஆக இருந்த கூட்டத்தாரைவிட 7.0 ஆக இருந்தவர்களிடம் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்க் கேடுகள் 25 சதவீதம் குறைவாகக் காணப்பட்டன. ஒன்றுக்கும் குறைவான வித்தியாசத்தின் விளைவு இது!

பெரும்பாலோர்க்கு 7-க்குக் கீழ் என்பதே குறிக்கோள். முதுமையும் பிற நோய்களும் உடையவர்க்கு வைத்தியர் 8 வரை இடங்கொடுப்பதுண்டு. எண்பது வயதுத் தந்தையை 6-க்கு இறக்கியே தீரவேண்டும் என்று மகன் டில்லியிலிருந்து வற்புறுத்துவது விவேகமன்று; மருந்து மிகுந்து சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, இரவில் தனியே மயங்கி விழுவது கொடிது. அத்தகைய ஏற்றத் தாழ்வுகளைச் சராசரி காட்டாது. அதற்கு வீட்டில் விரல் நுனியில் குத்திப் பார்ப்பதே வழி.

நம் பெண்மணிகளுக்கு ஒரு சொல். இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருப்பின் இவ்வெண் பொய்யாக உயர்ந்து தோன்றும். மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்டாலோ, பிறர் இரத்தம் ஏற்றியிருந்தாலோ தாழ்ந்து காட்டும். இவற்றை வைத்தியரிடம் முன்னரே கூறுதல் அவசியம். மருந்தை மாற்றியிருந்தால் மூன்று மாதம் கழித்தும், நிலைமை சீராக இருப்பின் ஆண்டுக்கு இருமுறையும் இப்பரிசோதனை செய்தால் போதும்.